ரத்தம் படித்த புத்தகங்கள்

அந்த வார்டில் வாயைத் திறந்தால் வைத்தியம் நின்றுவிடும்.

சுவர்ப் பலகையில் இவ்வளவு பச்சையாக எழுதியிருக்கவில்லை. ‘வாசகர்கள் தங்களுக்குள் புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொள்வது ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவை மீறும் செயல்’ என்று நாகரிகமாகத்தான் எழுதியிருந்தது. சுகிர்தா அதைப் படித்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவர்கள் கொடுத்த நீல ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில் இருந்தது அந்த டயாலிசிஸ் மையம். ஆறு படுக்கைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கூரையைத் தொடும் கண்ணாடித் தடுப்பு. உள்ளே ஒரு நோயாளி. அவர் ரத்தத்தை வெளியே எடுத்துச் சலித்துத் திருப்பி அனுப்பும் ஓர் இயந்திரம். நெஞ்சுக்கு நேரே வளைகம்பியில் தொங்கும் ஒரு டேப்லெட். எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“கலர் மீன் கடை மாதிரி இருக்கு,” என்றாள் சுகிர்தா.

“மீனாவது ஒண்ணை ஒண்ணு துரத்தும் மேடம்,” என்றார் ஹபீப். மையத்தின் டெக்னீஷியன். ஒல்லியான ஆள், சிரிக்காமல் பேசினார். முதல் கண்ணாடிக் கூண்டின் கதவைத் திறந்து, இயந்திரத்துக்குள் ஓடும் சிவப்புக் குழாயைக் காட்டினார். குழாயின் நடுவே மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி.

“நீங்க சென்னையில உக்காந்து பாக்கற கோடு இங்கிருந்துதான் கெளம்புது.”

சுகிர்தா குனிந்து பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் சம்பளம் வாங்குவது அந்தக் கோட்டைப் படிப்பதற்காகத்தான். கோடு எழுந்தால் புத்தகம் பிழைக்கும். படுத்தால் புத்தகமும் படுக்கும். அந்தக் கோடு ஒரு மனுஷியின் கையிலிருந்து இவ்வளவு தடித்த ஊசி வழியாக வருகிறது என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

‘வாசல்’ என்பது புத்தகம் சிபாரிசு செய்யும் நிறுவனம். உங்களுக்கு எது பிடிக்கும் என்று நேராகக் கேட்டால் நீங்கள் பொய் சொல்வீர்கள். தத்துவம் என்று வாயால் சொல்லிவிட்டு, பேய்க் கதையை மடியில் வைத்துப் படிப்பீர்கள். அதனால் வாயை விட்டுவிட்டு ரத்தத்தைக் கேட்கலாம் என்று முடிவு செய்தார் நிறுவனர் கார்முகிலன். ஒரு பக்கத்தைப் படிக்கையில் மனசு துள்ளினால் ரத்தத்தில் சில ரசாயனங்கள் துள்ளும். அதை அளந்துவிட்டால் போதும். ஆனால் நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே விட்டுவிட்டு எந்த ஆரோக்கியமான மனிதன் கதை படிப்பான்?

சிறுநீரகம் பழுதானவர்கள் படிப்பார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. காப்பீட்டு வரிசையில் இடம் கிடைக்காத ஆறு பேருக்கு வாரம் மூன்று முறை இலவச டயாலிசிஸ். பதிலுக்கு அவர்கள் படிக்க வேண்டும். ஆறு பேரின் ரத்தம் சொன்னதை வைத்து, அவர்களைப் போன்ற லட்சக்கணக்கானவர்களுக்கு ‘உங்களுக்கான புத்தகம்’ போய்ச் சேர்ந்தது. இரண்டு வருடம் தமிழ்நாடே கொண்டாடியது. இப்படி ஒரு புத்தகம் எனக்குப் பிடிக்கும் என்று எனக்கே தெரியாதே, இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதித் தள்ளினார்கள்.

மூன்று மாதமாக ஒருவரும் எழுதுவதில்லை. சந்தாவை நிறுத்திக்கொண்டே போகிறார்கள்.

கைப்பேசி அதிர்ந்தது. கார்முகிலன்.

“பாத்துட்டியா? எவனோ ஏமாத்தறான் சுகிர்தா. படிக்காம பக்கத்தைத் தள்ளிட்டுத் தூங்கறாங்க. யாருன்னு கண்டுபிடி. இல்லேன்னா இந்த மாசத்தோட ஈரோட்டை மூடிட்டு வேற ஊர்ல புதுசா ஆறு பேரைப் பிடிச்சுக்கறேன்.”

“மூடினா இவங்க எங்க சார் போவாங்க?”

“பழைய வரிசைக்கு. நாம தர்மாஸ்பத்திரியா நடத்தறோம்?”

வரிசையில் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று ஹபீப் வரும்போதே சொல்லியிருந்தார். டயாலிசிஸ் இல்லாமல் எட்டு மாதம் யாரும் இருந்ததில்லை.

* * *

மூன்றாம் படுக்கை, தேவசேனா. பவானியில் அழகு நிலையம் நடத்துபவள். நாற்பதைத் தொட்டிருப்பாள். முகம் வெளுத்து ஊதியிருந்தாலும் புருவம் வரைந்து வைத்த மாதிரி இருந்தது.

“உக்காருங்க அம்மிணி. டீ குடுக்க வழியில்லீங்க. எனக்கே நாளைக்கு அரை லிட்டரு தண்ணிதான் அனுமதி.”

“பரவால்லைங்க. என்ன படிக்கறீங்க?”

“காதல் கதை. போன வாரமும் காதல், அதுக்கு முந்துன வாரமும் காதல். பியூட்டி பார்லர்காரிக்கு வேற என்ன பிடிக்கப் போகுதுன்னு உங்க மிஷினு முடிவு பண்ணிருச்சாட்ட இருக்குது. ஹீரோ மட்டும் ஊரு மாத்திட்டே இருக்கறானுங்க. இப்பக் கனடாவுல இருக்கறான்.”

“பிடிச்சிருக்கா?”

“அதான் என்ற ரத்தத்துல கண்ணு வெச்சிருக்கறீங்களே. அதுகிட்டயே கேளுங்க.”

சுகிர்தா மடிக்கணினியைத் திறந்தாள். தேவசேனாவின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஆனால் பக்கங்கள் நியாயமான வேகத்தில் நகர்ந்திருந்தன. கண்களும் வரிகளின் மேலேயே இருந்திருக்கின்றன. ஏமாற்று எதுவும் இல்லை. நேர்மையான சலிப்பு.

இரண்டாம் படுக்கையில் அங்கப்பன். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். பெரிய மீசை, சின்னக் குரல். அவருக்குக் கொலைக் கதைகள்.

“சந்தேகமே வராத ஆளுதானுங்க கொலை பண்ணியிருப்பான். மூணாம் பக்கத்துலயே அந்த ஆளைக் கண்டுபிடிச்சுப் போடறேன். அப்பறம் மிச்சப் புஸ்தகத்துல எனக்கு என்ன சோலி?”

நான்காம் படுக்கையில் ஸ்டெல்லா ஜெயராணி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவருக்கு மனசைக் கட்டுப்படுத்துவது பற்றிய புத்தகங்களாக வந்துகொண்டிருந்தன.

“மூணு மாசமா மனசை அடக்கிக்கிட்டிருக்கேன்ம்மா. இதுக்கு மேல அடக்கினா அது நின்னே போயிடும்.”

மற்ற மூவருக்கும் இதே கதைதான். படித்தார்கள். அலுத்தார்கள். ஒருவரும் தூங்கிக்கூட ஏமாற்றவில்லை.

சுகிர்தா ஹபீப்பின் அறையில் உட்கார்ந்து பழைய பதிவுகளைத் திறந்தாள். கண்ணாடி போடுவதற்கு முன்னால் இருந்த இரண்டு வருடம். கண்ணாடி கார்முகிலனின் யோசனை. வார்டில் ஒரே சளசளப்பு, சத்தம் ரத்தத்தைக் கலைக்கிறது, தகவல் சுத்தமாக வேண்டும் என்று ஒரு நிபுணர் சொன்னதைக் கேட்டு, மூன்று மாதத்துக்கு முன்னால் போட்டது.

சுத்தமான பிறகுதான் எல்லாம் செத்தது. அதுவே விநோதம்.

பழைய கோடுகள் மலைமலையாக எழுந்து நின்றன. எழுந்த இடங்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுகூட நிறுவனம் அனுப்பிய பட்டியலில் இருந்த புத்தகம் இல்லை. டேப்லெட்டில் ஒரு தேடல் பெட்டி உண்டு. எந்தப் புத்தகத்தின் பெயரையும் தட்டி எடுக்கலாம். எல்லாமே அப்படித் தட்டி எடுத்தவை. கிணற்றுக்குள் மூழ்கிப் பொருள் எடுப்பவர்களின் வாழ்க்கையைப் பற்றி ஒன்று. ஒரு குஸ்தி வீரர் தன் தோல்விகளை மட்டும் எழுதிய புத்தகம். பூஜ்யத்தைப் பற்றி ஒன்று. இதையெல்லாம் தேட வேண்டும் என்று அழகு நிலையக்காரிக்கும் லாரி புக்கிங்காரருக்கும் எப்படித் தோன்றியது?

தேதிவாரியாக அடுக்கினாள். அடுக்கியதும் முதுகு நிமிர்ந்தது.

கிணற்றுப் புத்தகம் முதலில் அங்கப்பனிடம். மறுவாரம் பக்கத்துப் படுக்கை தேவசேனாவிடம். அதற்கடுத்து ஸ்டெல்லா டீச்சரிடம். அங்கிருந்து ஆறாம் படுக்கைக்கு. பூஜ்யம் எதிர்த்திசையில் போயிருந்தது. டீச்சரிடமிருந்து கிளம்பி அங்கப்பனைப் பிடித்து, முதல் படுக்கையில் போய் முடிந்தது. வகுப்பறையில் ஜலதோஷம் பரவுவதுபோல ஒவ்வொரு புத்தகமும் படுக்கை படுக்கையாகப் பரவியிருந்தது.

கண்ணாடி போட்ட நாளிலிருந்து தேடல் பெட்டியில் ஒரு எழுத்துகூட விழவில்லை.

* * *

அவள் மறுபடி மூன்றாம் கூண்டுக்குள் வந்தபோது ஹபீப் தேவசேனாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிணத்துல மூழ்கறவங்க புத்தகம் படிச்சீங்கல்ல. அது உங்க லிஸ்ட்லயே இல்ல. யார் சொன்னாங்க?”

ஹபீப்பின் கையிலிருந்த ரப்பர் பந்து பாதியில் நின்றது. தேவசேனா அவரைப் பார்த்தாள். அப்புறம் சுகிர்தாவைப் பார்த்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை. இவ்வளவு நாள் கழித்துத்தான் கேட்கத் தோன்றியதா என்கிற மாதிரி இருந்தது.

“அங்கப்பண்ணன் சொன்னாருங்க.”

“அக்கா,” என்றார் ஹபீப், தாழ்ந்த குரலில்.

“இருங்கண்ணா. கேட்டாச்சில்ல.” தேவசேனா தலையணையில் நிமிர்ந்தாள். “அம்மிணி, எங்க பக்கம் வீட்டுக்கு ஒரம்பரை வந்தா வாய்க்கு ஏதாச்சும் குடுக்காம அனுப்ப மாட்டோம். பக்கத்துல ஒருத்தரு நாலு மணி நேரம் படுத்திருக்கறாரு. நாம ஒண்ணும் நீட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்? ஆனா இங்க எதைக் குடுப்பீங்க? வாழைப்பழம் ஆகாது. எளனி ஆகாது. முறுக்குல உப்பு. காப்பித்தண்ணி ஒரு முழுங்கு எச்சாப் போனா நெஞ்சுல நீர் கோத்துக்கும். முதல் மாசம் ஆறு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு, குடுக்க ஒண்ணுமில்லாம படுத்திருந்தோம். ஒரு நாளு அங்கப்பண்ணன் திரும்பி, ‘ஏனுங் தேவசேனா, இந்தப் புஸ்தகம் ஒரு கிணத்தைப் பத்தி. எடுத்துப் பாருங்க, வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது’ன்னாரு.”

“அப்புறம்?”

“அப்பறமென்ன. எனக்குக் கிணறுன்னா பயம். திட்டிட்டேதான் எடுத்தேன். உள்ள மூச்சுப் பிடிச்சுட்டு அந்த ஆளு தடவறான் பாருங்க, ஒரு தோட்டைத் தேடி... என்ற மூச்சும் நின்னுபோச்சு. முடிச்சுட்டு அவருகிட்டச் சண்டைக்குப் போனேன். அந்த ஆளு பொண்டாட்டி அவனை மேல இழுத்திருக்கோணும்னு நானு, இழுத்திருந்தா கயிறு அறுந்திருக்கும்னு அவரு. டீச்சரு நடுவுல பூந்து, கயித்துக்கு எவ்வளவு பாரம்னு கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க.”

கோடு எப்போது எழுந்தது என்று சுகிர்தாவுக்கு அப்போது புரிந்தது. படிக்கும்போது கொஞ்சம். பக்கத்தில் இருப்பவரிடம் எப்போது இதைச் சொல்லப் போகிறோம் என்று நினைக்கும்போது நிறைய. சண்டையின்போது உச்சி. நிறுவனம் மூன்றையும் சேர்த்துப் புத்தகத்தின் பேரில் வரவு வைத்திருந்தது.

“இது ஏழாம் பிரிவு,” என்றாள் மெதுவாக. “நான் எழுதினா...”

“எங்களுக்கு மிஷினு நிக்கும். இந்தண்ணனுக்கு வேலை போகும். கண்டும் காணாம இருந்தாரில்ல.” தேவசேனா ஊசி குத்திய கையை அசைக்காமல், மற்றக் கையால் புடவையைச் சரிசெய்துகொண்டாள். “எழுதிக்குங்க.”

“நான் வேற ஏதாவது காரணம் சொல்லிப் பார்க்கறேன். மின்சாரம், குழாய்...”

“என்னத்துக்கு? திருடுனமா? நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னோம். அதை மறைக்கச் சொல்றீங்களா? எங்க ரத்தத்தை எழுதிக் குடுத்தோம். வாயை எப்ப எழுதிக் குடுத்தோம்?”

“குடுத்திருக்கீங்க. ஏழாம் பிரிவுல.”

“அப்ப அந்தக் கையெழுத்துப் போட்ட கை வேற நிலைமையில இருந்துச்சு அம்மிணி. கால் ஊதி, மூச்சு வாங்கி, எங்க போடோணும்னு கேட்டு அங்க போட்டோம். அந்த நேரத்துல உசுரையே கேட்டிருந்தாலும் எழுதிக் குடுத்திருப்போம்.”

கைப்பேசி அதிர்ந்தது. சுகிர்தா எழுந்து வெளியே போகப் பார்த்தாள்.

“இங்கியே பேசுங்க. சத்தமாப் போடுங்க.”

அவள் பேச்சை ஏன் கேட்டோம் என்று சுகிர்தா பின்னால் பலமுறை யோசித்தாள். அந்த நேரம் கை தானாகவே ஒலிபெருக்கிப் பொத்தானைத் தொட்டது.

“சார், யாரும் ஏமாத்தல. கண்ணாடிதான் பிரச்சினை. அதை எடுத்துட்டா பழையபடி ஆகிடும்.”

கார்முகிலன் முட்டாள் அல்ல. இரண்டு விநாடிதான் ஆனது.

“அப்ப முன்னாடி புத்தகத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருக்காங்க.”

“ஆமா சார்.”

“ரெண்டு வருஷமா என் காசுல படுத்துக்கிட்டு என் டேட்டாவைக் கெடுத்திருக்காங்க. சரி. மூடிடலாம். இன்னைக்கு இருக்கறது முடியட்டும். அடுத்த தடவை வர வேண்டாம்னு சொல்லிடு. அந்த டெக்னீஷியனையும் சேர்த்து.”

ஹபீப் தேவசேனாவின் கையிலிருந்த ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றி வைத்தார். வெளியே போய், சுவரில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். தீ விபத்து என்றால் எல்லாக் கூண்டுகளையும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் இணைக்கும் விசை. அதைக் கீழே தள்ளினார். ஆறு கூண்டுகளின் ஒலிபெருக்கிகளும் ஒன்றாகக் கரகரத்து உயிர்பெற்றன.

“ஏனுங் சார்,” என்றாள் தேவசேனா. அவள் குரல் ஆறு கூண்டுகளிலும் கேட்டது. “நான் மூணாம் படுக்கை. அடுத்த தடவை எதுக்குங்க? இப்பவே எனக்குக் கழட்டிரச் சொல்லுங்க.”

“யார் இது? சுகிர்தா, என்ன நடக்குது?”

“இன்னும் ரெண்டு மணி நேரம் ரத்தம் ஓடோணும். அந்த ரெண்டு மணி நேரம் உங்க கோட்டுக்குத்தான். எனக்கு அது வேண்டாமுங்க. ஹபீப் அண்ணா, வந்து கழட்டுங்க.”

“பாதியில கழட்டினா உடம்பு கெட்டுடும்னு தெரியுமில்ல?”

“எட்டு மாசம் வரிசையில நின்னா மட்டும் மினுமினுன்னு இருப்பமாக்கும்?”

இரண்டாம் கூண்டிலிருந்து சின்னக் குரல் வந்தது. “எனக்கும் கழட்டிப் போடுங்க ஹபீப்பு. கொலைகாரனை எப்பவோ கண்டுபிடிச்சாச்சு.”

“எனக்கும்,” என்றார் ஸ்டெல்லா டீச்சர். அவருடைய பாதம் போர்வைக்கு வெளியே பன் மாதிரி உப்பியிருந்தது. அன்று அவர் உடம்பிலிருந்து இன்னும் இரண்டு லிட்டர் நீராவது வெளியேறியாக வேண்டும். அது அவருக்கும் தெரியும். டேப்லெட்டைத் தள்ளிவிட்டார். வளைகம்பி ஒரு சுற்று சுற்றி, திரை சுவரைப் பார்த்து நின்றது. முதல் படுக்கை, ஐந்தாம் படுக்கை, ஆறாம் படுக்கை. ஒவ்வொரு திரையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பியது.

தீபாவளிக்கு வெளியாகும் புத்தகங்களின் பட்டியல் அடுத்த வாரம் போக வேண்டும். பதிப்பகங்கள் எல்லாம் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கின்றன. வேறு ஊரில் மையம் திறக்க எத்தனை மாதம் ஆகும் என்பது சுகிர்தாவுக்குத் தெரியும். கார்முகிலனுக்கும் தெரியும். போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. திடீரென்று அந்த மூச்சின் வேகம் மாறியது.

“சுகிர்தா.”

“சார்.”

“லைவ் ஸ்க்ரீன் பாக்கறேன். ஆறு கோடும் எகிறிக்கிட்டிருக்கு. ரெண்டு வருஷத்துல இப்படிப் பாத்ததே இல்ல. என்ன புத்தகம் அது?”

சுகிர்தா சுற்றிலும் பார்த்தாள். ஆறு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆறு பேரும் அவள் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“புத்தகம் எதுவும் இல்ல சார். உங்களைத்தான் படிச்சிக்கிட்டிருக்காங்க.”

அங்கப்பன் மீசைக்குள் சிரித்தது ஒலிபெருக்கியில் கேட்டது.

“நீங்க ஈரோட்டை மூடுங்க,” என்று தொடர்ந்தாள். “மூடினா நானும் போறேன். போறப்போ எந்தப் புத்தகம் யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போச்சுன்னு தேதி போட்டுப் பத்திரிகைக்குக் குடுத்துட்டுப் போவேன். உங்க ரத்தம் அளக்கற மிஷின் ரெண்டு வருஷமா வித்தது இவங்க வாய்ச்சொல்லைத்தான்னு ஊருக்குத் தெரியட்டும்.”

பிறகு கார்முகிலன் பேசியபோது குரலில் தேன் வழிந்தது.

“சரி, கண்ணாடியை எடுத்துடலாம். பேசட்டும். ஆனா ஒழுங்கோட. யார் யார்கிட்ட எந்தப் புத்தகத்தைச் சொல்லணும்னு நாங்க ஒரு அட்டவணை அனுப்பறோம். பதினோரு மணிக்குப் பதினஞ்சு நிமிஷம்...”

“அட்டவணையெல்லாம் வேண்டாமுங்க,” என்றாள் தேவசேனா. “யாருக்கு எதைக் குடுக்கோணும்னு எங்களுக்குத் தெரியும். பிடிக்காதுன்னு தெரிஞ்சே குடுக்கறதும் உண்டு. அதெல்லாம் எங்களுக்குள்ள.”

“அப்படின்னா டேட்டா எனக்கு எப்படிம்மா சுத்தமா வரும்?”

“வராதுங்க.”

கார்முகிலன் பெருமூச்சு விட்டார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனைதான் மிச்சமிருந்தது. அதை சுகிர்தாவிடம் சொன்னார். புத்தகத்தால் எழும் கோடு இருக்கட்டும். வேறு காரணத்தால், இப்போது எழுந்த மாதிரி, எழும் கோட்டை அவள் தன் கையால் அழித்துவிட வேண்டும். ஒன்று தப்பி வந்தாலும் மையமும் இல்லை, அவளும் இல்லை.

“சரி சார்,” என்றாள்.

ஹபீப் யாருக்கும் எதையும் கழற்றவில்லை. ஒவ்வொரு கூண்டாகப் போய்க் கதவுகளை அகலத் திறந்து, கீழே செருப்பை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

“டீச்சர்,” என்று கூப்பிட்டாள் தேவசேனா, மூன்று மாதத்துக்குப் பிறகு. “கால் எப்படி இருக்குதுங்க?”

“அதை விடு. அந்தக் கனடாக்காரன் என்ன ஆனான், சொல்லு.”

* * *

மாதம் ஒருமுறை சுகிர்தா ஈரோட்டுக்கு வரத் தொடங்கினாள். கண்ணாடி இருந்த இடங்களில் இப்போது தரையில் வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரிந்தன. சந்தாக்கள் திரும்பிவிட்டன.

முதல் தடவை கிளம்பும்போது தேவசேனா கேட்டிருந்தாள். “உங்களுக்கு என்ன பிடிக்கும் அம்மிணி?”

பதில் தெரியவில்லை. வாசல் அவளுக்கு இதுவரை அனுப்பியதெல்லாம் அலுவலகத்தில் முன்னேறுவது எப்படி என்கிற ரகம். அவளும் பேசாமல் படித்துவந்தாள். தேவசேனா ஒரு நாவலின் பெயரைச் சொல்லி அனுப்பினாள். கடனும் கைக்குழந்தையுமாகப் புருஷனையும் வீட்டையும் விட்டுப் போகிற ஒருத்தி, கடைசியில் அதே வீட்டுக்குத் திரும்பி வருகிற கதை.

அடுத்த மாதம் வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

“எதுக்கு அவ திரும்பி வந்தா? முழுப் புத்தகமும் போராடிட்டு, கடைசி பத்துப் பக்கத்துல வந்து சோறு போடறா. ரயில்ல உக்காந்து எனக்கு அழுகையா வந்துச்சு, கோபத்துல.”

தேவசேனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் மின்னியது. “திரும்பி வந்தது அவனுக்காகன்னா நினைச்சீங்க? நல்லாப் படிச்சீங்களா? அந்த வீடு யாரு பேர்ல இருக்குது?”

“யார் பேர்ல இருந்தா என்னங்க, அவன் உள்ளேதானே இருக்கான்.”

“இருக்கட்டும். இருந்துட்டுத் தொலையட்டும். அவனுக்குப் பயந்துட்டு என்ற வீட்டை நான் எதுக்கு விடோணும்?”

“விடறதுதான் தைரியம்.”

“வாடகை குடுத்துப் பாருங்க, தைரியம் தெரியும்.”

“டீச்சர், நீங்க சொல்லுங்க,” என்று சுகிர்தா திரும்பினாள். டீச்சர் சொன்னார். அங்கப்பன் குறுக்கே வந்தார். ஹபீப், தான் இன்னும் படிக்கவில்லை, முடிவைச் சொல்லிவிட்டார்களே என்று அலுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்தபோது கண்ணில் பட்டது. தேவசேனாவின் கோடு செங்குத்தாக எழுந்து, உச்சியில் ஒரு மணி நேரம் நின்றிருந்தது. அந்த நேரம் அவள் டேப்லெட்டில் திறந்து கிடந்த புத்தகத்தின் பேரில் மொத்தமும் வரவாகியிருந்தது. நகரங்களின் சாக்கடைகள் எப்படிக் கட்டப்பட்டன என்பதைப் பற்றி, ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர் ஒருவர் எழுதிய எழுநூறு பக்கம். டீச்சர் சொல்லி எடுத்தது. நான்கு பக்கம்கூடத் தாண்டவில்லை என்று தேவசேனாவே சொல்லியிருந்தாள்.

பொய்யான கோடு. சுகிர்தாவோடு போட்ட சண்டையின் கோடு. இந்த மாதிரி ஒன்றுக்காகத்தான் அவளைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். அழிக்கும் பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள்.

இதை எழுப்பியதில் பாதி அவள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்துக்காகக் கத்திச் சண்டை போட்டிருக்கிறாள். அதைப் பொய் என்று எழுதித் தன் கையாலேயே துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அழிக்காமலேயே மடிக்கணினியை மூடினாள். வேலை போனால் போகட்டும். ஆறு படுக்கையை மட்டும் யோசித்தாள். யோசித்தபோது தேவசேனாவின் குரல்தான் காதில் கேட்டது. என்னத்துக்கு மறைக்கோணும், திருடுனமா?

அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க, அழகு நிலையங்களிலும் ஜவுளிக் கடைகளிலும் வேலை பார்க்கும் லட்சக்கணக்கான பெண்களின் கைப்பேசியில் ‘உங்களுக்கான புத்தகம்’ என்று சாக்கடைகளின் வரலாறு போய் நின்றது. சுகிர்தா வேலைநீக்கக் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டு அலுவலகம் போனாள், வந்தாள். கடிதம் வரவில்லை. ஒரு சந்தாவும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மின்சார ரயிலில் எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒரே நிறச் சீருடை, கழுத்தில் துணிக்கடையின் அடையாள அட்டை. ஜன்னலோரம் இருந்தவள் கைப்பேசியை மூக்கருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவளை முழங்கையால் இடித்தாள்.

“ஏய், எழுந்திரு. இந்த ஆளு சாக்கடையைப் பத்தி எழுதியிருக்கான்டி.”

“ச்சீ. எனக்கு எதுக்கு அது?”

“உனக்குப் பிடிக்காது, தெரியும். இந்த ஒரு பக்கத்தை மட்டும் கேளு.”